துளை இருக்கும் பக்கம்

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் ரோசரி, "சதை வெட்டுறேன்" என்பாள். கேட்டவர் மிரண்டு போய் அவளை ஏற இறங்கப் பார்ப்பார். சந்தையில் ஆட்டிறைச்சிக் கடை வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கிலோ எடுத்து வைக்கச் சொன்னவரும் உண்டு. அவள் சிரித்தபடி நகர்ந்துவிடுவாள். விளக்கிச் சொல்ல அவளுக்கும் ஆசைதான். நின்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் மூன்றாவது மாடியில் இருக்கிற ஆய்வுக்கூடம்தான் அவளுடைய உலகம். உடலிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை மெழுகில் புதைப்பாள். தலைமுடியைப் பத்தாக வகிர்ந்தால் எவ்வளவு வருமோ அவ்வளவு மெல்லிய சீவல்களாக இயந்திரத்தில் சீவுவாள். அவற்றை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பதற்குத் தயாராகக் கொடுப்பாள். அரசாங்க மருத்துவமனையில் இருபத்து நான்கு வருடம் இதே வேலை. இங்கே வந்து ஏழு வருடம். ஒவ்வொரு செப்டம்பரிலும் அடுத்த ஒரு வருடத்துக்கான ஒப்பந்தக் கடிதம் வரும். வயது ஐம்பத்தேழு.

அந்தக் கடிதத்துக்காக அவள் ஏன் அப்படித் தவித்தாள் என்பதைச் சொல்ல வேண்டுமானால், அவளுடைய வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அங்கே அதிகம் இல்லை என்பதுதான் துயரம்.

சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்போது அது ரப்பர் தோட்டம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டிய ஸ்டானிஸ்லாஸைக் கட்டிக்கொண்டு ஈப்போவுக்கு வந்தாள். பத்தொன்பது வருடம் வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்தவன் நிமிரவே இல்லை. தான் போகிற நேரத்திலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் லாரியை ஓரமாக நிறுத்தியிருந்தான் பாருங்கள், அப்படிப்பட்ட மனிதன். சொந்தம் என்று சொல்ல மிஞ்சியது தம்பி ஜெரமி. அவன் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். கிறிஸ்துமஸுக்குக் கைத்தொலைபேசியில் ஒரு மின்னும் நட்சத்திரத்தை அனுப்புவான். அவள் பதிலுக்கு ஒரு மணியை அனுப்புவாள். அத்தோடு அந்த வருடத்துப் பேச்சு முடிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆய்வுக்கூடத்தின் கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை காலை எட்டு மணிவரை அவள் வாயைத் திறக்க அவசியமே இருக்காது. பூசையில் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும் "ஆமென்" பேச்சில் சேருமா? திங்கட்கிழமை முதல் வார்த்தை கரகரத்து வெளியே வந்து அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் புருஷன் விட்டுப்போன கப்சாய் மோட்டார் சைக்கிளில் வரும்போதே, சிவப்பு விளக்கில் நின்றபடி, ஒரு "அருள் நிறைந்த மரியே" செபத்தைச் சத்தமாகச் சொல்லிக் குரலைச் சரிசெய்துகொள்வாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் இந்த அம்மாளுக்கு ரொம்ப பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆய்வுக்கூடத்தில் அவளிடம் பேசுகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தரை துடைக்கும் குமுதா. தெலுக் இந்தானிலிருந்து வந்தவள், நாற்பது சொச்சம் வயது, வாய் ஓயாது. இன்னொருவர் டாக்டர் பவித்ரன். கோலா கங்சார்காரர், முப்பத்து மூன்று வயது விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்காக நரம்பு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவளை "அக்கா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ரோசரி அவருடைய சீவல்களை மற்றவர்களுடையதைவிட ஒரு படி அதிகமான கவனத்தோடு வெட்டிக் கொடுத்தாள்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். மயக்கமருந்து கொடுத்த எலியின் இடது தொடையில் ஓடும் பெரிய நரம்பை நசுக்கிவிடுவார். வலது காலைத் தொடமாட்டார். மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தோராம் நாள் என்று கணக்கு வைத்து, எலியின் முதுகுத்தண்டுக்குள் இருக்கும் நரம்புக்கயிற்றில் ஒரு துண்டை எடுத்துப் பார்ப்பார். அடி பட்டது காலில். ஆனால் அந்த நரம்பு இழைக்குச் சொந்தக்கார உயிரணு இருப்பது முதுகில். நல்ல உயிரணு ஊதாச் சாயத்தில் பெரிதாக, பல மூலைகளோடு, நடுவில் கண்போல ஒரு கருவோடு தெரியும். உள்ளே முழுக்கக் கருநீலப் பொடி தூவியதுபோல் இருக்கும். எங்கோ தொலைவில் தன் இழை நசுங்கிய செய்தி வந்து சேர்ந்ததும் அது வீங்கிவிடும். பொடி கரைந்து வெளிறும். நடுவில் இருந்த கண் மெல்ல நகர்ந்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதல் தடவை அதைப் பார்த்தபோது ரோசரி, செத்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார் பவித்ரன். பார்ப்பதற்குத்தான் சாவு மாதிரி இருக்கிறது, இது மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு அறுந்த இழையை மறுபடி வளர்க்க ஏற்பாடு செய்கிறது, முடிந்தால் பிழைக்கும் என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ரோசரி அந்த ஓரத்துக்குப் போன கண்ணையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு. சீவல் வெந்நீரில் மிதக்கும்போது புரண்டுவிடும். தகட்டில் ஏறிய பிறகு எது அடிபட்ட இடது பக்கம், எது அடிபடாத வலது பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மெழுகில் புதைப்பதற்கு முன்பே, வலது பக்கத்தில் ஊசியால் ஒரு சின்னத் துளை போட்டுவிட வேண்டும். துளை இருக்கும் பக்கம் நல்ல பக்கம். ஆராய்ச்சி மொத்தமும் அந்தத் துளையை நம்பித்தான் நிற்கிறது.

துளை போடுவது ரோசரியின் வேலை. துண்டை வயிற்றுப்புறம் மேலே பார்க்கும்படி மல்லாத்திக்கொள்ள வேண்டும். வயிற்றுப்புறத்தின் நடுவில் மயிரிழை போல ஒரு பள்ளம் ஓடும், அதுதான் அடையாளம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று செய்முறைத் தாளில் எழுதியிருக்கிறது. ரோசரி கண்ணாடி வைத்துப் பார்த்ததே இல்லை. துண்டை இடது கை மோதிரவிரலின் மேல் கிடத்தி, கட்டைவிரலால் ஒரு சுற்று உருட்டுவாள். கையுறைக்குள்ளிருந்தே விரல் அந்தப் பள்ளத்தைக் கண்டுபிடித்துவிடும். உடனே வலது கை ஊசி இறங்கும். பத்து வினாடி வேலை. அவள் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொள்ள ஆண்டவர் வைத்திருந்தது அந்த ஒரு விரல்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அந்த விரலைத்தான் விதி கேட்டது.

போன நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கல்லறைத் திருநாள். வருடா வருடம் போவதுபோல் ஸ்டானிஸ்லாஸின் கல்லறைக்கு மெழுகுத்திரி ஏற்றப் போனாள். அது பழைய தோட்டத்துக்குள்ளே, செம்பனைக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கிற சின்னக் கல்லறைத் தோட்டம். ஏற்றி, அழுது, திரும்பி வரும்போது செம்மண் பாதையின் வளைவில் செம்பனைக் கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன. கப்சாய் வழுக்கியது. இடது முழங்கை கல்லில் மோதியது.

மருத்துவமனையில் எலும்பு முறியவில்லை என்று சொன்னார்கள். நரம்பு அடிபட்டிருக்கலாம், திரும்ப வந்து காட்டுங்கள் என்று தேதி குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் தாதி ஒரு படிவத்தை நீட்டி, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எண் கேட்டாள். ரோசரி பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஜெரமியின் எண்ணை எழுதினால் அவன் பெர்த்திலிருந்து என்ன செய்வான்? கடைசியில் அவளுக்கு மனப்பாடமாக இருந்த ஒரே எண்ணை எழுதினாள். அது ஆய்வுக்கூடத்தின் எண். அவளைக் கூட்டிப்போக ஆள் வரட்டும் என்று தாதி அந்த எண்ணுக்கு இரண்டு தடவை அடித்தாள். ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய அறை. மூன்றாவது மாடியில், நுண்ணோக்கிகளுக்கும் மெழுகு அடுப்புக்கும் நடுவில் அந்தத் தொலைபேசி அடித்து அடித்து ஓய்வதை ரோசரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே மனக்கண்ணால் பார்த்தாள். பிறகு தானே வாடகை வண்டி பிடித்து வீட்டுக்கு வந்தாள்.

அவள் தன் அடையாள அட்டையை முகப்பில் விட்டுவிட்டிருந்தாள். அதைச் சொல்ல மருத்துவமனையிலிருந்து திங்கட்கிழமை காலை மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். ரோசரி நீளக் கைச் சட்டை போட்டுக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்தபோது குமுதா அதை ஒரு வேடிக்கையாகச் சொன்னாள்.

"ரோசக்கா, காலையில ஒரு போன். ரோசரியோட சொந்தக்காரங்க இருக்காங்களான்னு கேட்டான். இது காலேஜுலா, இங்க யாருக்கும் சொந்தக்காரங்க கிடையாதுன்னு சொல்லி வச்சிட்டேன்."

குமுதா சிரித்தாள். ரோசரியும் சேர்ந்து சிரித்தாள். வேறென்ன செய்வாள்?

முழங்கை வீக்கம் பத்து நாளில் வடிந்தது. ஆனால் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தே போயின. கொதிக்கிற கோப்பிக் குவளையைத் தொட்டாலும் தெரியவில்லை. திரும்ப வரச் சொன்ன தேதிக்கு அவள் போகவில்லை. போனால் சீட்டு எழுதுவார்கள், சீட்டு கல்லூரிக்குப் போகும், விரல் செத்தவளுக்கு யார் ஒப்பந்தம் நீட்டிப்பார்கள்? அதன்பிறகு யாரும் பார்க்காதபோது பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு துளை போட்டாள். நேரம் கூடுதலாக ஆனது. ஆனால் பிழை வரவில்லை. அப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

மார்ச் மாதம் ஒரு நாள், இருபத்தோராம் நாள் எலிகளின் எட்டுத் துண்டுகள் வந்து சேர்ந்தன. அன்று பார்த்து பவித்ரன் பத்துப் பன்னிரண்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா கண்ணாலயே பார்க்கமாட்டாங்க, அக்காவோட விரலுக்குள்ள கண்ணு இருக்கு என்று பெருமையாகச் சொல்லி, அவளைச் செய்துகாட்டச் சொன்னார். வட்டமாக நின்ற அத்தனை இளம் முகங்களும் அவளுடைய கையையே பார்த்தன. வெகு காலத்துக்குப் பிறகு இத்தனை பேர் ஒன்றாக அவளைப் பார்க்கிறார்கள். பூதக்கண்ணாடி மேசை இழுப்பறையில் இருந்தது. கை நீட்டினால் எட்டும்.

ரோசரி கை நீட்டவில்லை. முதல் துண்டை மரத்துப்போன விரலின் மேல் கிடத்தி, உருட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையை ஆட்டி, ஊசியை இறக்கினாள். எட்டுத் துண்டுகளையும் அப்படியே முடித்தாள். மாணவர்கள் கைதட்டினார்கள். மறுநாள் காலையில், கட்டைவிரலுக்காவது தெரிந்திருக்கும், சரியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு துண்டுகளை மெழுகில் புதைத்தாள்.

ஜூலையில் பவித்ரன் தாள்களும் கையுமாக ஓடி வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததே இல்லை. இருபத்தோராம் நாள் எலிகளில் எட்டில் ஐந்து எலிகளுக்கு அடிபட்ட பக்கத்தின் உயிரணுக்கள் பளிச்சென்று நன்றாக இருக்கின்றன. அடிபடாத பக்கம்தான் வீங்கி, வெளிறி, கண் ஓரத்துக்குப் போய்க் கிடக்கிறது. முதலில் தான் எண்ணியதில் ஏதோ கோளாறு என்று நினைத்து மூன்று தடவை எண்ணினாராம்.

"ஒரு பக்கம் பட்ட அடிய இன்னொரு பக்கம் வாங்கிக்குதுக்கா. இது தேறி வர, அது படுத்துக்குது. யாரும் இப்படிக் காட்டினதில்ல."

பினாங்கில் நடக்கப்போகும் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். நன்றி சொல்லும் இடத்தில் அவள் பெயரைப் போடுவதாகவும், ஒப்பந்த நீட்டிப்புக்குத் துறைத்தலைவரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். இன்னும் இருபத்து நான்கு எலிகளுக்கு அனுமதி கேட்டிருக்கிறார், அடுத்த மூன்று வருடமும் இதன் பின்னால்தான் போகப்போகிறார்.

ரோசரிக்கு ஆராய்ச்சியில் புரிந்தது கொஞ்சம்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு பக்கம் பட்ட அடியை இன்னொரு பக்கம் வாங்கிக்கொள்கிறது. அப்படியானால் உலகத்தில் எதுவும் தனியாக வலியை அனுபவிப்பதில்லையா? யாருக்கும் தெரியாமல் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நவம்பர் மாதத்து நாட்களில், எங்கோ ஏதோ ஒன்று அவளுக்காகவும் வெளிறிப் போயிருக்குமா? அந்த வாரம் முழுக்க அவள் அந்த நினைப்பில்தான் வாழ்ந்தாள். அடுத்த வாரம், மாநாட்டுப் படத்துக்குத் தெளிவான தகடுகளாகப் பொறுக்கிக் கொடுங்கள் என்று பவித்ரன் கேட்டபோது, அந்த ஐந்து எலிகளின் தகடுகளை ஆசையோடு எடுத்துக்கொண்டு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தாள்.

நரம்புக்கயிற்றின் சீவல் பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். வயிற்றுப்புறத்து இறக்கைகள் கொழுத்தவை, பெரிய உயிரணுக்கள் அங்கேதான். முதுகுப்புறத்து இறக்கைகள் ஒல்லியானவை. ரோசரி எப்போதும் துண்டை மல்லாத்திப் போட்டு, மேலோட்டமாகத்தான் குத்துவாள். ஆகவே அவளுடைய துளை எப்போதும் கொழுத்த இறக்கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

முதல் தகட்டில் துளை ஒல்லி இறக்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

அடுத்த தகட்டை வைத்தாள். அதிலும் அப்படியே. ஐந்திலும் அப்படியே. மிச்ச மூன்று எலிகளின் தகடுகளை ஓடிப்போய் எடுத்து வந்து பார்த்தாள். அவற்றில் துளை சரியான இடத்தில், கொழுத்த இறக்கையை ஒட்டி இருந்தது.

அந்த ஐந்து துண்டுகளும் அன்று குப்புறக் கிடந்திருக்கின்றன. குப்புறக் கிடந்த துண்டில் அவள் வலது என்று நினைத்துக் குத்தியது இடது. அடிபட்ட பக்கத்தில் போய் நல்ல பக்கம் என்று முத்திரை குத்தியிருக்கிறாள். வலி எங்கேயும் போகவில்லை. எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்துக்காகவும் அழவில்லை. அடிபட்டது மட்டும்தான், தனியாக, அடிபட்ட இடத்திலேயே கிடந்து துடித்திருக்கிறது.

துளையின் இடத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க இந்த உலகத்தில் அவள் ஒருத்தியால்தான் முடியும். பவித்ரனுக்குத் துளை என்றால் துளை, அவ்வளவுதான். அவள் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. செப்டம்பரில் கடிதம் வரும். திங்கட்கிழமைகள் வரும். "அக்கா" வரும். வாயைத் திறந்தால் விரலைக் காட்ட வேண்டும். விரலைக் காட்டினால் இந்த அறை போய்விடும். இந்த அறை போனால் அப்புறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாத்துகிற கதவுக்குத் திங்கட்கிழமை என்று ஒன்று கிடையாது.

சனியும் ஞாயிறும் அவள் வீட்டில் நடந்துகொண்டே இருந்தாள். ஸ்டானிஸ்லாஸ் இறந்த பிறகு ஆறு மாதம் அவனுடைய எண்ணுக்கு அவள் தினம் ஒரு தடவை அடித்துக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்கமாட்டார்கள் என்று தெரியும், இருந்தும் அடிப்பாள். ஒரு நாள் அந்த எண் சேவையில் இல்லை என்று ஒரு பெண் குரல் மலாயில் சொன்னது. இல்லாத இடத்திலிருந்து பதில் வரும் என்று காத்திருப்பது எப்படி ஒரு மனிதரைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியும். பவித்ரன் இன்னும் மூன்று வருடம் அப்படிக் காத்திருப்பார். இருபத்து நான்கு எலிகளை அறுத்துவிட்டு, ஏன் பதில் வரவில்லை என்று உட்கார்ந்து யோசிப்பார்.

திங்கட்கிழமை சிவப்பு விளக்கில் அவள் செபம் சொல்லவில்லை. அதனால் பவித்ரனின் அறை வாசலில் நின்று கூப்பிட்டபோது குரல் கரகரவென்று வந்தது. ஒரு தகடு பார்க்கணும், வாங்க டாக்டர் என்றாள்.

நுண்ணோக்கியில் முதலில் சரியான தகட்டையும், பிறகு தவறான தகட்டையும் காட்டினாள். துளை எங்கே இருக்க வேண்டும், எங்கே இருக்கிறது என்று சொன்னாள். பவித்ரன் முதலில் சிரித்தார். காலங்காத்தால என்னக்கா வெளாட்டு என்றார். பிறகு தானே ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். ஐந்தாவது தகட்டுக்கு வந்தபோது அவர் தோள் தளர்ந்தது. வெகுநேரம் கண்ணை நுண்ணோக்கியிலிருந்து எடுக்கவே இல்லை. அழுகிறாரோ என்று ரோசரிக்குப் பயமாக இருந்தது.

"ஏன் லென்ஸ எடுக்கல?" என்று கடைசியில் கேட்டார். "அக்கா" என்று சொல்லவில்லை.

"புள்ளைங்க பாத்துக்கிட்டு நின்னாங்க டாக்டர்."

"விரல்லதான் தெரியுமே உங்களுக்கு."

ரோசரி இடது கையை மேசையின் மேல் வைத்தாள். பவித்ரன் கொஞ்சம் பஞ்சை இழுத்து நூலாகத் திரித்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தொடும்போது சொல்லுங்கள் என்றார். கட்டைவிரலைத் தொட்டார், சொன்னாள். ஆள்காட்டி விரலைத் தொட்டார், சொன்னாள். நடுவிரலைத் தொட்டார், சொன்னாள். அதன்பிறகு அறையில் சத்தமே இல்லை. மூடிய கண்ணுக்குள் ரோசரி காத்திருந்தாள். காத்திருந்துகொண்டே இருந்தாள்.

கண்ணைத் திறந்தபோது பஞ்சு அவளுடைய மோதிரவிரலின் மேல் இருந்தது.

"எப்ப இருந்து?"

"கல்லறைத் திருநாள்ல இருந்து. மோட்டார்ல விழுந்துட்டேன்."

"ஒன்பது மாசமா? யாருக்கும் தெரியாதா? வீட்ல..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

எப்போதிலிருந்து என்று ஒருவர் கேட்பதற்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. கேட்டவரும் அவளால் நாசமானவர். ரோசரி அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துபோய், அந்த மரத்த கையாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். பவித்ரன் எழுந்து வெளியே போய்விட்டார். வாசலில் துடைப்பத்தோடு குமுதா நின்றுகொண்டிருந்தாள். அவள் வழக்கமாக எதையாவது சொல்லியிருப்பாள். அன்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நல்லவர்கள் உடனே மன்னித்துவிடுவார்கள் என்று கதைகளில்தான் வரும். பவித்ரன் நல்லவர்தான், ஆனால் இரண்டு வாரம் அவளிடம் பேசவில்லை. மாநாட்டிலிருந்து சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இருபத்து நான்கு எலிகளுக்குக் கேட்ட அனுமதியையும் வேண்டாம் என்று எழுதிவிட்டார். ஐந்து எலிகளின் பக்கங்களை மாற்றி மறுபடி எண்ணினார். எல்லோருக்கும் முன்பே தெரிந்த விடைதான் வந்தது. அடிபட்ட பக்கம் அடிபட்டிருந்தது. அடிபடாத பக்கம் எந்தக் கவலையும் இல்லாமல் இருந்தது. துறைத்தலைவர் ரோசரியைக் கூப்பிட்டு மரியாதையாகப் பேசினார். செப்டம்பர் கடைசிவரை இருக்கலாம் என்றார். அடுத்த கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பவித்ரன் அவள் மேசைக்கு வந்து ஒரு உறையை வைத்தார். நரம்புப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்கு எழுதிய கடிதம். இன்னமும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். முழங்கையிலேர்ந்து விரலுக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல ஆவும். வளருதான்னு போய்ப் பாருங்க." போகிறவர் வாசலில் நின்றார். "சொல்லாம இருந்திருக்கலாம் நீங்க, அக்கா."

அவர் போனபின் ரோசரி அந்த உறையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

பரிசோதனைக்குத் தனியாகத்தான் கிளம்பினாள். கல்லூரி வாசலில் குமுதா தன் பழைய காரை நிறுத்திக்கொண்டு, ஏறுங்க என்றாள். வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டிருக்கிறாள். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை. குமுதா பேசாமல் வருவது ரோசரிக்குப் பயமாகவே இருந்தது.

மருத்துவமனை முகப்பில் மறுபடியும் அதே படிவம். பெயர், வயது, முகவரி எழுதினாள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் பேனா நின்றது. ஆய்வுக்கூடத்து எண்ணைப் போட முடியாது. செப்டம்பருக்குப் பிறகு அதுவும் இல்லை.

"அன்னிக்கு அது இங்கேர்ந்துதானே வந்துச்சு?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமுதா. "அந்த போனு."

ரோசரி தலையை ஆட்டினாள்.

"ஞாயிறும் அடிச்சிருப்பானுங்க."

"ரெண்டு தடவ."

குமுதா முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பிறகு படிவத்தைப் பிடுங்கித் தன் எண்ணை எழுதினாள். "நான் பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு வந்து சொன்னேன். நீயும் கூடச் சிரிக்கிற. வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு உனக்கு?" முதல் தடவையாக அவள் "நீ" என்று சொன்னாள். "வியாழக்கிழமை மட்டும் அடிக்காத, கோயில்ல இருப்பேன், எடுக்க முடியாது."

எண்ணுக்கு அடுத்த கட்டத்தில் உறவுமுறை கேட்டிருந்தது. குமுதா யோசித்தாள்.

"என்னத்தப் போடுறது? 'கவான்'னு போடுவோம்லா, மலாய்ல கூட்டாளி. கூட்டாளின்னா சும்மாவா?"

மலாய்ப் படிவத்தில் மலாய் வார்த்தையை எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். முன்னால் பதினான்கு பேர் இருந்தார்கள். பரிசோதனையில் என்ன சொல்வார்களோ, விரல் வருமோ வராதோ தெரியாது. செப்டம்பருக்குப் பிறகு திங்கட்கிழமைகளை என்ன செய்வது என்றும் தெரியாது. ரோசரி கைத்தொலைபேசியை எடுத்து, படிவத்தில் பார்த்த எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

குமுதாவின் கைப்பைக்குள் சத்தமாக ஒரு பாட்டு அடிக்க ஆரம்பித்தது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் இங்கதானே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், எதுக்கு இப்ப அடிக்கிற?" என்று அவசர அவசரமாகப் பையைத் துழாவினாள் குமுதா.

ரோசரி நிறுத்தவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, அவள் எடுக்கும்வரை காத்திருந்தாள்.